வெளியே நின்று, எதிரே நின்று, உள்ளே நின்று: கிரேக்கக் கோயிலிலிருந்து பாந்தியன் வரை

பழைய ஐரோப்பியக் கலையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் பெரும்பாலும் இரண்டே படியில் கதையை முடித்துவிடுகிறார்கள். கிரேக்கர்கள் உருவாக்கினார்கள், ரோமானியர்கள் அதை எடுத்துப் பெரிதாகக் கட்டினார்கள், அவ்வளவுதான். இந்தக் கதையில் எனக்கு இரண்டு வருத்தம். ஒன்று, நடுவில் சில நூறு ஆண்டுகள் இத்தாலியில் கோலோச்சிய எட்ருஸ்கர்கள் அப்படியே காணாமல் போகிறார்கள். இன்னொன்று, ரோமானியர்கள் உண்மையிலேயே புதிதாகச் செய்தது என்ன என்பதும் சேர்ந்து மறைந்துவிடுகிறது. மூன்று பேரையும் சேர்த்துப் புரிந்துகொள்ள ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும் என்று நினைக்கிறேன்: இந்தக் கட்டடத்தைக் கட்டியவர், பார்க்க வருகிறவர் எங்கே நிற்பார் என்று எதிர்பார்த்தார்? கிரேக்கக் கோயில் வெளியே நின்று, சுற்றி வந்து பார்ப்பதற்கானது. எட்ருஸ்கக் கோயில் எதிரே நின்று பார்ப்பதற்கானது. ரோமானியர்கள் கடைசியில் ஆளை உள்ளே கூட்டிக்கொண்டு போனார்கள்.

கிரேக்கத்திலிருந்தே தொடங்குவோம். கிரேக்கக் கோயிலில் பலிபீடம் வெளியே, வழக்கமாகக் கிழக்கு வாசலுக்கு எதிரே திறந்தவெளியில் இருந்தது. பலி, பிரார்த்தனை, விருந்து எல்லாமே அங்கேதான். உள்ளே இருந்தது தெய்வத்தின் சிலையும், தெய்வத்துக்குக் காணிக்கையாக வந்த பொருள்களும். கூட்டம் உள்ளே கூட வேண்டிய தேவையே இல்லாதபோது கட்டுகிறவரின் கவனம் முழுக்க வெளிப்புறத்துக்குப் போவது இயல்புதானே? நான்கு பக்கமும் தூண், நான்கு பக்கமும் படி, எந்த மூலையில் நின்று பார்த்தாலும் குறை தெரியக் கூடாது.

அந்தத் தூண்கள் முதலில் மரமாக இருந்தவை. ஒலிம்பியாவில் கி.மு. 600 வாக்கில் கட்டிய ஹீரா கோயிலில் இதை நேரடியாகவே பார்க்கலாம். மரத்தூண்கள் பழுதாகப் பழுதாக ஒவ்வொன்றாகக் கல்தூணாக மாற்றியிருக்கிறார்கள். அதனால் அங்கே ஒரு தூணின் தலைப்பகுதி இன்னொன்றைப் போல இல்லை, அந்தந்தக் காலத்துப் பாணியில் ஒவ்வொன்றும் வேறு வேறு. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் அங்கே போன பாசேனியஸ் என்ற பயணி, பின்புற அறையில் ஒரு தூண் அப்போதும் ஓக் மரமாகவே இருந்ததை எழுதி வைத்திருக்கிறார். எழுநூறு ஆண்டு! பழைய பொருளைத் தூக்கியெறியாமல், தேவைப்பட்டதை மட்டும் மாற்றி, உருவத்தை அப்படியே காப்பாற்றும் இந்தப் பிடிவாதம்தான் கிரேக்கக் கட்டடக்கலையின் அடிநாதம்.

கிரேக்கத் தூண் பாணிகளில் எளிமையான டோரிக் பாணிக் கோயிலில் தூண்களுக்கு மேலே, உத்தரத்துக்கும் கூரைக்கும் நடுவில், மூன்று கோடு வெட்டிய கல்பலகைகள் வரிசையாக வரும். டிரிகிளிஃப் என்று பெயர். மரக்கட்டடத்தில் வெளியே நீட்டிக்கொண்டிருந்த விட்டங்களின் முனைதான் கல்லில் இப்படி ஆனது என்று கட்டடக்கலை பற்றி நூல் எழுதிய ரோமானியர் விட்ருவியஸ் சொல்கிறார். இதில் ஒரு சிக்கல் உண்டு. ஒவ்வொரு தூணுக்கும் நேர் மேலே, நடு மையத்தில், ஒரு பலகை வர வேண்டும். ஆனால் வரிசை மூலையில் போய் முடியும்போதும் பலகையில்தான் முடிய வேண்டும். மூலைத் தூணின் மையமும் கட்டடத்தின் விளிம்பும் ஒரே இடம் இல்லை, ஆகவே இரண்டு விதியையும் ஒரே நேரத்தில் காப்பாற்ற முடியாது. பல தலைமுறைச் சிற்பிகள் இதோடு மல்லுக்கட்டினார்கள். மூலைப் பக்கத்துத் தூண்களைக் கொஞ்சம் நெருக்கி வைத்து, கண்ணுக்குத் தெரியாமல் சரிக்கட்டுவதே பெரும்பாலும் அவர்கள் கண்ட வழி.

ஏதென்ஸில் அதீனா தெய்வத்துக்குக் கட்டிய பார்த்தினன் கோயில் இந்தக் கண்ணுக்குத் தெரியாத திருத்தங்களின் உச்சம். கி.மு. 447இல் தொடங்கி 438இல் கட்டடம் முடிந்தது, சிற்பவேலை 432 வரை போனது. கட்டியவர்கள் இக்டினோஸ், கல்லிக்ராட்டீஸ். சிற்பங்களுக்குப் பொறுப்பு ஃபீடியஸ். முன்னால் 8 தூண், பக்கவாட்டில் 17 (மூலைத் தூணையும் சேர்த்து). அதன் தரை சமதளம் இல்லை. குறுகிய பக்கத்தில் நடுவில் சுமார் 6 செண்டிமீட்டரும் நீண்ட பக்கத்தில் சுமார் 11 செண்டிமீட்டரும் மேலே வளைந்திருக்கிறது. தூண்கள் லேசாக உள்பக்கம் சாய்ந்தவை, மூலைத் தூண்கள் மற்றவற்றைவிடச் சற்றுத் தடிமனானவை. அப்படியென்றால் ஒவ்வொரு கல்லையும் அதன் இடத்துக்கென்றே தனியாகச் செதுக்க வேண்டும், ஒன்றை எடுத்து இன்னொன்றின் இடத்தில் வைக்க முடியாது. ஒன்பது வருடத்தில் இதைச் செய்திருக்கிறார்கள் என்பதை இன்றும் என்னால் முழுதாக ஜீரணிக்க முடியவில்லை. இத்தனையும் வெளியே நிற்கிற கண்ணுக்காக. உள்ளே? தங்கமும் தந்தமும் வேய்ந்த, சுமார் 12 மீட்டர் உயர அதீனா சிலை. அதைச் சுற்றி இரண்டடுக்குத் தூண்வரிசை. கல் உத்தரத்துக்கு ஒரு பலவீனம் உண்டு: மேலேயிருந்து அழுத்தினால் தாங்கும், நீளமாக இரண்டு தூணுக்கு நடுவே தொங்கவிட்டால் அடிப்பக்கம் விரிந்து விரிசல் விடும். ஆகவே தூண்கள் நெருங்கியே நிற்க வேண்டும். கல்லாலேயே மூடிய பெரிய வெற்றிடம் என்பது அந்த முறையில் சாத்தியமே இல்லை. அவர்களுக்கு அது தேவைப்படவும் இல்லை.

ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிட வேண்டும். வெள்ளை வெளேரென்ற பளிங்குக் கிரேக்கம் என்று ஒன்று இருந்ததே இல்லை. கோயிலின் மேல்பகுதியிலும் சிலைகளிலும் நீலம், சிவப்பு, பொன்நிறம் எல்லாம் பூசியிருந்தார்கள். மண்ணுக்கடியில் கிடந்த சிலைகளில் நிறத்தின் மிச்சம் இன்னும் ஒட்டியிருக்கிறது. புற ஊதா ஒளியில் பார்த்தால் அழிந்துபோன கோலங்களும் தெரிகின்றன. இரண்டாயிரம் ஆண்டு மழையும் வெயிலும் கழுவிவிட்ட வெள்ளையைப் பிற்கால ஐரோப்பியர்கள் அழகின் இலக்கணமாக்கி விட்டார்கள், பல இடங்களில் சிலைகளைத் தேய்த்துச் சுத்தம்கூடச் செய்துவிட்டார்கள். மனசு வலிக்கிற விஷயம் இது.

சிலைகளின் வளர்ச்சி இன்னும் வேகமானது. கி.மு. 600 வாக்கில் நிற்கும் இளைஞன் சிலைகள் எகிப்திய முறையை ஒட்டியவை: இடது கால் முன்னே, கைகள் உடம்போடு, பார்வை நேரே. ஆனால் எகிப்தியர் கையிடுக்கிலும் கால்களுக்கு நடுவிலும் விட்டுவைக்கிற கல்லைக் கிரேக்கர்கள் குடைந்து எடுத்துவிட்டார்கள். சிலை தன் காலிலேயே நின்றது. அப்புறம் கி.மு. 480 வாக்கில் ஒரு மாற்றம். கிரிட்டியோஸ் சிறுவன் என்று பெயர் வைத்திருக்கிற ஏதென்ஸ் சிலையில் உடம்பின் பாரம் ஒரு காலுக்குப் போகிறது, மறுகால் தளர்கிறது, இடுப்பு சாய்கிறது, தலை லேசாகத் திரும்புகிறது. இந்தச் சின்ன அசைவுக்குப் பிறகு பழைய விறைப்புக்குத் திரும்பிப் போகவே முடியாது. நாற்பது ஆண்டுக்குள் பாலிக்ளீட்டஸ் என்ற சிற்பி ஈட்டி ஏந்திய வீரன் சிலையை வடித்து, உடலின் ஒவ்வொரு அங்கத்துக்கும் மற்றதற்கும் உள்ள விகிதத்தைப் பற்றித் தனி நூலே எழுதினார். நூலும் போய்விட்டது, மூல வெண்கலச் சிலையும் போய்விட்டது. நம்மிடம் இருப்பது ரோமானியர் கல்லில் எடுத்த நகல்கள். வெண்கலத்தைப் பிற்காலத்தில் உருக்கி வேறு எதற்கோ பயன்படுத்திவிட்டார்கள். தப்பியவற்றில் பல, கப்பலோடு கடலில் மூழ்கியவை. 1972இல் தென் இத்தாலியில் ரியாச்சே கரையோரம் கிடைத்த இரண்டு வீரர்களைப் பார்த்தால் நாம் எதையெல்லாம் இழந்தோம் என்று புரியும்: செம்பில் உதடு, ஒருவருக்கு வெள்ளியில் பல்.

சரி, இப்போது எட்ருஸ்கர்கள். வடக்கே ஆர்னோ ஆற்றுக்கும் தெற்கே டைபர் ஆற்றுக்கும் நடுவில், இன்றைய தஸ்கனியும் அதையொட்டிய பகுதிகளும் அவர்கள் நாடு. செம்பும் இரும்பும் நிறைய கிடைத்த மண், குறிப்பாக எல்பா தீவின் இரும்பு. அதை விற்றுப் பணக்காரர்களானார்கள். கிரேக்கப் பானைகளை அள்ளி அள்ளி வாங்கினார்கள். இன்று உலக அருங்காட்சியகங்களில் உடையாமல் இருக்கிற ஏதென்ஸ் பானைகளில் மிகப் பெரிய பங்கு எட்ருஸ்கக் கல்லறைகளிலிருந்து வந்தது. எட்ருஸ்கர்கள் இல்லாமல் கிரேக்க ஓவியத்தைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பாதிகூடத் தெரிந்திருக்காது என்பதே என் எண்ணம்.

அவர்களை வெறும் வாடிக்கையாளர்களாகப் பார்ப்பதுதான் தவறு. அவர்களுடைய கோயிலைப் பாருங்கள். உயரமான மேடை, ஏற முன்பக்கம் மட்டும் ஒரு படிவரிசை, முன்பாதி முழுக்கத் தூண்கள் நிற்கிற ஆழமான மண்டபம், பின்பாதியில் பெரும்பாலும் மூன்று கருவறை. பின்னால் போய்ப் பார்க்க ஒன்றும் இல்லை. அடித்தளம் மட்டும்தான் கல். சுவர் பச்சைச் செங்கல், உத்தரம் மரம். மர உத்தரம் நீளமாகத் தாங்கும் என்பதால் தூண்களைத் தாராளமாக இடைவெளி விட்டு நிறுத்த முடிந்தது. அந்த மரத்தை மழையிலிருந்து காக்கச் சுடுமண் பலகைகளைப் பதித்தார்கள், அந்தப் பலகைகளில் வண்ணம் தீட்டினார்கள், பிறகு கூரையின் முகட்டிலேயே ஆளுயரச் சுடுமண் சிலைகளை ஏற்றி வைத்தார்கள். கிரேக்கர் இப்படிச் செய்வதில்லை. ரோமுக்கு அருகே இருந்த எட்ருஸ்க நகரமான வேயியின் அப்பல்லோ சிலை, கி.மு. 510 வாக்கைச் சேர்ந்தது, 1916இல் கிடைத்தது, இப்படி முகட்டில் நின்றதுதான். அதைக் கிரேக்க இளைஞன் சிலைக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: முகத்தில் அதே புன்னகை, ஆனால் இது நிற்கவில்லை, எட்டு வைத்து நடக்கிறது, ஆடை காலோடு ஒட்டி இழுபடுகிறது. கீழேயிருந்து, எதிரேயிருந்து, வானத்தின் பின்னணியில் பார்க்கச் செய்த சிலை அது.

மரமும் மண்ணும் என்பதால் எட்ருஸ்கக் கோயில்கள் மக்கிப்போயின. அடித்தளத்தையும் சுடுமண் துண்டுகளையும் விட்ருவியஸ் எழுதிய விவரிப்பையும் வைத்துத்தான் நாம் அவற்றை ஊகிக்கிறோம். நிலைத்தது கல்லறைகள். தர்க்வீனியா என்ற எட்ருஸ்க ஊரில் பாறையைக் குடைந்த சுமார் 6,000 கல்லறைகளில் ஏறக்குறைய 200இல் சுவரோவியம் இருக்கிறது: விருந்து, குழல் ஊதுகிறவர், நடனம், மீன்பிடிக்கிற படகு, பறவைக் கூட்டம். செர்வெட்டெரி என்ற இன்னொரு ஊரில் ஒரு கல்லறைச் சுவர் முழுக்கச் சுதையில் வீட்டுச் சாமான்களைச் செய்து மாட்டியிருக்கிறார்கள்: கத்தி, கயிறு, ஜாடி, தலையணை. அதே ஊரில் கிடைத்த கி.மு. 520 வாக்கைச் சேர்ந்த தம்பதியர் ஈமப்பெட்டி எனக்கு இந்த முழு வரலாற்றிலேயே மிகப் பிடித்த பொருள். சுடுமண்ணில் செய்த கட்டில். அதில் கணவனும் மனைவியும் ஒன்றாகச் சாய்ந்து விருந்தில் இருக்கிறார்கள். கணவன் கை மனைவியின் தோளைச் சுற்றியிருக்கிறது. கைகள் நான்கும் எதையோ சொல்லிக்கொண்டே இருக்கின்றன. கிரேக்க விருந்துகளில் குடும்பப் பெண்ணுக்கு இடம் கிடையாது; எட்ருஸ்கப் பெண்கள் ஆண்களோடு சரிசமமாக விருந்துண்பதைக் கிரேக்க எழுத்தாளர்கள் கெட்ட நடத்தை என்றே எழுதிவைத்தார்கள். சிற்பிக்கு உடல் விகிதத்தில் பெரிய அக்கறை இல்லை, இடுப்புக்குக் கீழே உடம்பு தட்டையாகப் போய்விடுகிறது. அவருக்கு வேண்டியது முகம், கை, இருவருக்கும் நடுவிலான நெருக்கம். இதை அரைகுறைக் கிரேக்கக் கலை என்று மதிப்பிட்டவர்கள் வேறொரு கேள்விக்கான விடையைத் தேடியிருக்கிறார்கள்.

ரோம் ஆரம்பத்தில் இந்த எட்ருஸ்க உலகின் ஓரத்து ஊர். எட்ருஸ்க வம்சத்து அரசர்கள் ஆண்ட ஊர். கபிட்டோலின் குன்றின் ஜூபிடர் கோயில், மரபுப்படி கி.மு. 509இல் அர்ப்பணித்தது, எட்ருஸ்க முறைக் கோயில்தான். அதன் தெய்வச் சிலையைச் செய்ய வேயியிலிருந்து வுல்கா என்ற கலைஞரை வரவழைத்ததாக மூத்த பிளினி என்ற ரோமானிய எழுத்தாளர் எழுதுகிறார். கி.மு. 396இல் அந்த வேயியையே ரோம் பிடித்தது. அடுத்த நூறு, நூற்றைம்பது ஆண்டுகளில் மற்ற நகரங்களும் ஒவ்வொன்றாக விழுந்தன.

அப்புறம் கிரேக்கப் பொருள்கள் வெள்ளமாக வந்தன. கி.மு. 212இல் சிராக்கூஸ், 146இல் கொரிந்த் என்ற கிரேக்க நகரங்களைப் பிடித்தபோது சிலைகளைக் கப்பல் கப்பலாக ரோமுக்குக் கொண்டுபோனார்கள். பணக்காரர்களின் தோட்டத்துக்கெல்லாம் சிலை வேண்டியிருந்தது, மூலம் போதவில்லை, நகல் எடுக்கும் பட்டறைகள் பெருகின. ஆனால் முகத்தில் மட்டும் ரோமானியர் தங்கள் வழியை விடவில்லை. பெரிய குடும்பங்கள் முன்னோரின் முகத்தை மெழுகில் எடுத்து வீட்டில் வைத்திருந்தன, சாவு ஊர்வலத்தில் அவற்றை அணிந்து நடந்தார்கள் என்று கிரேக்க வரலாற்றாசிரியர் பாலிபியஸ் வியந்து எழுதுகிறார். குடியரசுக் காலத்துக் கல்முகங்களில் சுருக்கம், மரு, ஒட்டிய கன்னம், பல் போன வாய் எல்லாம் மறைக்காமல் வருகின்றன. கி.மு. 100 வாக்கைச் சேர்ந்த ஒரு வெண்கலச் சிலை, பேச்சாளர் என்று அழைக்கப்படுவது, ஃபுளோரன்ஸில் இருக்கிறது: ரோமானிய உடை, ரோமானியச் செருப்பு, கையை உயர்த்திப் பேசுகிற ரோமானிய நிலை, ஆனால் ஆடையின் ஓரத்தில் பொறித்த எழுத்து எட்ருஸ்கம், பெயர் அவ்லே மெத்தெலி. எட்ருஸ்கர்கள் அழிந்து ரோமானியர்கள் வந்தார்கள் என்பதைவிட எட்ருஸ்கர்களே ரோமானியர்கள் ஆனார்கள் என்று சொல்வது சரி.

எட்ருஸ்கர்களின் அரேட்சோ நகரம் ரோமானியக் காலத்தில் செந்நிறப் பளபளப்புப் பாத்திரங்களுக்குப் பேர்போன ஊரானது. அந்த அரேட்டைன் வகைப் பாத்திரத் துண்டுகள் புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் கிடைத்தன. 1945இல் அங்கே அகழ்ந்த தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் அவற்றை வைத்துத்தான் அந்த ஊரின் காலத்தைக் கணித்தார்.

ரோமானியக் கோயிலில் இரண்டு பரம்பரையும் எப்படிக் கலந்தன என்பதற்குப் பிரான்ஸின் நீம் நகரில் இருக்கும் மேசோன் கரே என்ற கோயிலே போதும். கி.பி. முதல் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டியது, முழுதாக நிற்கிறது. தூண்கள் கிரேக்கத்தின் கொரிந்தியப் பாணி, தலையில் இலைகள் செதுக்கியது. ஆனால் உயர மேடையும் முன்பக்கம் மட்டும் இருக்கிற படியும் ஆழமான முன்மண்டபமும் அப்படியே எட்ருஸ்கம். மொத்தம் 30 தூணில் முன்மண்டபத்தின் 10 மட்டும் தனியாக நிற்பவை. மீதி 20 சுவரோடு ஒட்டிய பாதித்தூண்கள், சுற்றிலும் தூண் இருப்பதாகக் காட்டுவதற்கு. பாரம் தாங்குவது சுவர். தூண் ஆடையாகிவிட்டது.

தூண் ஏன் ஆடையாக முடிந்தது என்றால், அதற்குள் ரோமானியர்கள் கான்கிரீட்டைக் கண்டுகொண்டார்கள். சுண்ணாம்போடு நேப்பிள்ஸ் வளைகுடாப் பக்கத்து எரிமலைச் சாம்பலைக் கலந்தால் அது தண்ணீருக்கடியிலும் இறுகும். கி.மு. இரண்டாம் நூற்றாண்டிலிருந்து இதை உடைகல்லோடு சேர்த்துப் பெரிய அளவில் பயன்படுத்தினார்கள். இன்றுபோல இளக்கமாக ஊற்றும் கலவை இல்லை. கெட்டிக் காரையையும் கல்லையும் மாறி மாறி அடுக்குவது. வெளிமுகத்துக்குச் சின்னக் கல், பின்னாளில் செங்கல். மரச் சென்ட்ரிங் நன்றாகப் போடத் தெரிந்த தச்சரும் கூலியாள்களும் இருந்தால் போதும், ஒவ்வொரு கல்லையும் செதுக்குகிற பார்த்தினன் சிற்பிகள் வேண்டாம். வளைவு ரோமானியர் கண்டுபிடித்தது இல்லை, எட்ருஸ்க நகரங்களின் வாசல்களிலும் இருக்கிறது. ஆனால் வளைவும் கான்கிரீட்டும் சேர்ந்தபோது வளைகூரையும் குவிமாடமும் வந்தன, தூணே இல்லாத பெரிய வெற்றிடம் வந்தது.

ரோமின் பெரிய வட்டரங்கமான கொலோசியத்தில் இது வெளியிலேயே தெரிகிறது. கி.பி. 80இல் திறந்தது. பாரம் தாங்குவது முழுக்க வளைவுகளும் வளைகூரைகளும். அந்த வளைவுகளுக்கு நடுவில் கீழ்த்தளத்தில் தஸ்கன் (இத்தாலிய எளிய பாணி), அடுத்ததில் அயோனிக் (சுருள் தலை கொண்ட கிரேக்கப் பாணி), அதற்கு மேல் கொரிந்தியம் என்று பாதித்தூண்கள் அலங்காரமாக ஒட்டியிருக்கின்றன. அதற்குச் சில ஆண்டு முன்பு, கி.பி. 64இன் தீ விபத்துக்குப் பிறகு பேரரசர் நீரோ கட்டிய பொன் மாளிகையில் ஓர் எண்கோண அறை இருக்கிறது, மேலே குவிமாடம், அதன் நடுவில் திறப்பு, அங்கிருந்து வெளிச்சம். அங்கே முதன்முறையாகக் கட்டடத்தின் பொருளே சுவர் இல்லை, சுவருக்கு நடுவிலான இடம் என்பது தெளிவாகிறது.

அதன் முழு வடிவம் பேரரசர் ஹேட்ரியன் காலத்தில், கி.பி. 125 வாக்கில் முடிந்த ரோமின் பாந்தியன் கோயில். குவிமாடத்தின் விட்டம் சுமார் 43.3 மீட்டர், தரையிலிருந்து உச்சித் திறப்பின் உயரமும் அதே 43.3, ஆகவே உள்ளே ஒரு முழுக்கோளம் அப்படியே அடங்கும். கம்பி இல்லாத கான்கிரீட்டில் இதைவிடப் பெரிய குவிமாடம் இன்றுவரை இல்லை. எப்படி நிற்கிறது? அடித்தளக் கலவையில் கனமான டிராவர்ட்டின் கல், மேலே போகப் போக எடை குறைந்த கல், உச்சியில் தண்ணீரில் மிதக்கிற நுரைக்கல். தடிமனும் அடியில் 6 மீட்டருக்கு மேல், உச்சியில் ஒன்றேகால் மீட்டர்கூட இல்லை. உட்புறம் ஐந்து வரிசையாக 140 குழிவான சதுரங்கள் பாரத்தையும் குறைத்து, கண்ணையும் மேலே இழுக்கின்றன.

இன்று பக்கவாட்டிலிருந்து அதன் உருண்டைச் சுவர் தெரிகிறது. அன்று அப்படி இல்லை. முன்னால் தூண்வரிசை சூழ்ந்த நீண்ட முற்றம் இருந்தது. அதன் வழியாக நேர் எதிரே வருகிறவருக்குத் தெரிந்தது எட்ருஸ்க முறைப்படி முன்முகம் மட்டும். அந்த முன்முகத்தில் கொரிந்தியத் தலையோடு எகிப்திலிருந்து வந்த 16 ஒற்றைக்கல் தூண்கள். வழக்கமான கோயில் என்று நினைத்துக்கொண்டு வாசலைத் தாண்டினால்தான் அந்த வட்ட அறை. மூன்று பரம்பரையும் ஒரே நடையில் ஒன்றன் பின் ஒன்றாக வருகின்றன. இதைத் திட்டமிட்டவர் யாராக இருந்தாலும் தனக்கு முன்னால் நடந்த அறுநூறு ஆண்டுகளை நன்றாகத் தெரிந்தவர்.

இதற்குப் பின் வந்த பெரிய ரோமானியக் கட்டடங்கள், கரகல்லாவின் குளியல் மாளிகை, மாக்சென்டியஸின் மன்றம் எல்லாமே உள்ளிடத்துக்காகவே கட்டியவை. நான்காம் நூற்றாண்டில் பேரரசர் கான்ஸ்டன்டைன் கிறிஸ்தவர்களுக்குத் தேவாலயம் கட்ட வந்தபோது, வழிபடுகிறவர்கள் உள்ளே கூட வேண்டும் என்பதால் கோயில் வடிவத்தை விட்டுவிட்டு ரோமானியப் பொதுமன்றமான பசிலிக்காவின் நீண்ட கூடத்தைத் தேர்ந்தெடுத்தார். பாந்தியன் 609இல் சுலபமாகத் தேவாலயமானது, பெரிதாக எதையும் இடிக்க வேண்டியிருக்கவில்லை. பார்த்தினனின் கதை வேறு. அதைத் தேவாலயமாக்கியபோது வாசலை மேற்குப் பக்கம் மாற்றி, கிழக்கு முனையில் அரைவட்ட அறை ஒன்றைக் கட்டினார்கள். அந்த வேலையில் கிழக்கு முகப்பின் நடுச் சிற்பங்கள், அதீனா பிறக்கும் காட்சியின் மையமே, போய்விட்டன.